மூன்றாம் மாடி மணி

இருபது வருடமாக
நொய்க்கோல்னில் தபால் போடுகிறேன்.
மூன்றாம் மாடி மணிக்குப் பக்கத்துப் பெயர்ச்சீட்டை
நகத்தால் சுரண்டினால்
லிண்ட்ஹோல்முக்கு அடியில் ஆல்டின்டாஷ்,
அதற்கும் அடியில், பென்சிலில், க்ரூல்கே.

கீழே சூதாட்டக் கடை போய்க்
காப்பிக்கடை. கோப்பை ஆறு யூரோ.
வாசலில் நின்று விலையை மட்டும் படித்தேன்.

நேற்று நகராட்சிச் சுற்றறிக்கையை
எல்லாப் பெட்டியிலும் போட்டது நான்தான்:
வட்டாரத்தின் சராசரி வருமானம் இரட்டித்துவிட்டதாம்.

பொய்யில்லை.
எனக்குத் தெரிந்த யாருக்கும் சம்பளம் ஏறவில்லை.
இரவெல்லாம் மருத்துவமனைத் தரை துடைத்த
செவ்கி ஆல்டின்டாஷ்
இப்போது அந்தக் கூட்டலில் இல்லை.
வகுத்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது.

அவளுக்கு இன்னும் கடிதம் வருகிறது,
பல் மருத்துவரிடமிருந்து.
‘ஆள் இல்லை’ என்று முத்திரை குத்தவேண்டும்.
மூன்று நாளாய்ப் பையிலேயே கிடக்கிறது.