எட்டாவது வெளிச்சம்

கல்லடிப் பாலத்தில் ஏறும்போது நாலே முக்கால்.
எட்டு பைக், பதினொரு பேர்.
பவநேசன் முன்னுக்கு,
நான் கடைசி.

பெற்றோல் செட்டில் கதைத்து முடித்தது இவ்வளவுதான்:
றோட்டை நாங்கள் விலைக்கு வாங்கவில்லை.
ஒருவன் நடுக்கோட்டுப் பக்கம் என்றால்
அடுத்தவன் கரைப் பக்கம்,
மருதமுனைத் தறியில் நூல் மாறி மாறி விழுவதுபோல.
முன்னவனின் வாலைத் தொட்டு ஓடுகிறவன்
முன்னவனின் பிழையையும் சேர்த்து ஓடுகிறான்.
கடைசியாக ஒன்று:
பின்னால் வருகிறவனின் வெளிச்சம்
உன் கண்ணாடியில் இல்லையென்றால்
நில்.
திருப்பிக்கொண்டு பறக்காதே. ஓரமாய் நில்.

"மறுகா?" என்றான் ரிம்சான்,
புது பைக், புது சப்பாத்து,
ஹெல்மட் முழங்கையில் தொங்குகிறது.
"மறுகா ஒண்டுமில்ல. அத எடுத்துத் தலையில போடு."

காத்தான்குடியில் சுபஹு பாங்கு.
நடுத்தெருப் பேரீச்சை மரங்களைக் கடந்து
வேகமில்லாமல், சத்தமில்லாமல் போனோம்.
களுவாஞ்சிகுடிக்கு இந்தப் பக்கம் மாடுகள்.
பகல் குடித்த சூட்டைத் தார் இன்னும் வைத்திருக்கிறது,
அதன்மேல் படுத்து அசைபோடுகின்றன,
கண் மட்டும் மினுங்குகிறது.
பவநேசன் இடது காலை வெளியே நீட்டுகிறான்.
பின்னால் ஒரு கால் நீள்கிறது.
அதற்குப் பின்னால் இன்னொன்று.
எட்டாவது கால் என்னுடையது.
பார்க்க ஆளில்லை.
ஆனாலும் நீட்டுகிறேன்.

அவனுடைய அந்தக் கால் சரியாய் மடங்காது.
கியர் போட உதவாத கால், ஆகவே ஸ்கூட்டி,
ஆகவே ஐம்பது,
ஆகவே எங்கள் எல்லோருக்கும் ஐம்பது.

மூன்று வருசத்துக்கு முந்தி இதே தெருவில்
நான் முன்னால் ஓடினேன், அவன் பின்னால்.
செட்டிபாளையம், களுதாவளை,
காற்று ஹெல்மட்டுக்குள் விசிலடித்தது.
கல்முனையில் ஏறி இறங்கி
இரண்டு பிளேன்ரீ சொன்னேன்.
என்னுடையதைக் குடித்தேன்.
அவனுடையது ஆடை கட்டி ஆறிய பிறகுதான்
வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.
கிரான்குளத்து வடிகானுக்குள்
நாற்பது நிமிசம் கிடந்திருக்கிறான்.
என்னை அவன் ஒருநாளும் ஏசவில்லை.
ஏசியிருந்தால் நான் இன்னும் முன்னால்தான் ஓடியிருப்பேன்.

தம்பிலுவிலில் பாதித் தெருவில் நெல்.
கல்லும் கொப்பும் வைத்து எல்லை போட்டிருந்தார்கள்.
ஒற்றை வரிசையானோம்.
நெல்மணியில் சில்லு ஏறினால்
பிறேக் வெறும் பெயர்தான்.

பொத்துவிலில் குளித்தோம், தின்றோம், சிரித்தோம், அதெல்லாம் இருக்கட்டும்.

திரும்பும்போது இருட்டு.
கோமாரி தாண்டி,
கடல் வலப்பக்கம் கேட்கிறது, தெரியவில்லை.
யசோதராவின் செயின் கழன்றது.
ஏழாவது அவள். நின்றாள். நானும் நின்றேன்.
போனில் ஒரு கோடும் இல்லை.
இடப்பக்கப் பற்றைக்குள் ஏதோ கொப்பு முறிந்தது,
யானை என்று இருவரும் சொல்லவில்லை.

ஆறாவது ரிம்சான்.
அவனுடைய சிவப்பு வெளிச்சம்
ஒரு குங்குமப் பொட்டளவு,
மறுகா ஒரு குன்றிமணியளவு,
மறுகா அதன் பாதி.
கை முழுக்க எண்ணெயோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.
சிறுத்தது.
சிறுத்தது.
மறுகா சிறுக்கவில்லை.

அங்கேயே நின்றது,
பக்கத்தில் மஞ்சள் விளக்கு
விட்டுவிட்டு எரியத் தொடங்கியது.
வளைவுக்கு அப்பால் ஐந்தாவதும்,
அதற்கப்பால் நாலாவதும்,
நான் காணாத ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொன்றாய்
நின்றுகொண்டு வந்திருக்கின்றன.
ஒருவரும் ஒருவரையும் கூப்பிடவில்லை.

செயினை மாட்டி ஒவ்வொருவராய்ச் சேர்த்துக்கொண்டு போனோம்.
முன்னால் பவநேசன் ஸ்கூட்டியில் சாய்ந்தபடி,
"கால் உழையுது, கெதியா வாங்க."

கல்முனையில் பதினொரு பிளேன்ரீ.
எல்லாம் சூடு.
சீனி காணாது என்றான் ரிம்சான்.