கழித்தல் மூவாயிரத்து இருநூறு

ஆ ஹோங் இரும்புக்கடை கொடுத்த நாட்காட்டியில்
தேதிக்குக் கீழே தினமும் எழுதிவைப்பேன்.
திங்கள் 1140.
செவ்வாய் 0685.
புதன் கரண்ட் இல்லை, 0212.
முன்னால் ஒரு பூஜ்யம் போட்டால்
கொஞ்சம் கூட எழுதியதுபோல் இருக்கும்.

தே தாரிக் கொண்டுவந்த நாகூர் கனி பார்த்துவிட்டார்.
"நல்ல நம்பரா சார்?"
எழுதிய சொற்களின் கணக்கு என்றேன்.
"ஏதோ ஒண்ணு."
வியாழனின் 0931ஐச் சனிக்கிழமை
இரண்டு வெள்ளிக்குக் கட்டி
ஆறுதல் பரிசும் அடித்தார்.
அன்றிலிருந்து எனக்கு ஒரு வாசகர்.

டயர்கடைக்கு மேலே அறை.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி
முச்சந்தியில் பிரேக் போட்டால் மேசை நடுங்கும்.
சுங்கை கெருயிங்கில் அதுதான் கடிகாரம்.

எழுபத்தாறில் பெரட்டுக்குச் சங்கு ஊதினார்களா,
தண்டவாளத் துண்டைத் தட்டினார்களா?
ஒருவர் சங்கு என்றார்.
ஒருவர் தண்டவாளம் என்று சத்தியம் செய்தார்.
பேங்க் வரிசையில் நின்ற புஷ்பலீலா
"எங்க வீட்டுல அப்பா கத்துவாரு, அவ்வளவுதான்" என்றார்.
அதை எழுதினேன்.
ஒரு வாக்கியத்துக்கு இரண்டு காலை போயிற்று.
பால் மங்கு பீங்கானா அலுமினியமா என்பதற்கு
இன்னும் ஒன்று.

ஒன்பதாம் அத்தியாயத்தில் தனபாக்கியம்
ஆறாவது லயத்து ஜன்னலில் நிற்கிறாள்.
நடுச்சாமம்.
மண்டோர் சின்னக்கண்ணு ஸ்டோரிலிருந்து
ரப்பர் ஷீட்டு மூட்டைகளை வேனில் ஏற்றுவதைப் பார்க்கிறாள்.
விசாரணையில் துரைக்கு முன்னால் சொல்கிறாள்.
மண்டோருக்கு வேலை போகிறது.
நாவல் முழுக்க அந்த ஜன்னலில்தான் தொங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் தோட்டத்துக்குப் போனேன்.
கேட்டில் அடையாள அட்டையை வாங்கிவைத்தான் நேப்பாளி.
கித்தா நின்ற இடமெல்லாம் செம்பனை.
லயங்களில் மிச்சம் ஒன்றே ஒன்று,
என் அதிர்ஷ்டம், அது ஆறாவது.

"மாசோக், மாசோக்" என்றார் ஷஹீதுல்.
மீன் பொரிந்துகொண்டிருந்தது.
எண்ணெய்ப் போத்தலில் சாய்த்துவைத்த கைப்பேசியில்
ராஜ்சாஹியிலிருந்து ஒரு குழந்தை என்னை முறைத்தது.
ஜன்னலில் நிற்க வேண்டும் என்பதை
மலாயில் எப்படிச் சொன்னாலும் விபரீதமாக இருந்தது.
ஈரக் கைலியை ஒதுக்கி வழிவிட்டார்.

ஸ்டோர் தெரியவில்லை.

தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.
அதன் சிமெண்டில் 1961.
எட்டினேன். முக்காலியில் ஏறினேன்.
ஷஹீதுலும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து
"அபா அடா?" என்றார்.
தாடா.

திரும்பும் வழியில் தொட்டியை மூன்று முறை இடித்தேன்.
லயத்தைத் தூக்கி மேட்டில் வைத்தேன்.
கதைதானே, எவன் சங்கிலி பிடித்து
அளக்க வரப்போகிறான்?
பெட்ரோல் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கியபோதுதான்
மண்டைக்குள் அது விழுந்தது:
அவள் பார்க்கவில்லை.
பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஏன் சொன்னாள்?
ஒன்பது அத்தியாயமாக
நான் ஊட்டியதையெல்லாம் விழுங்கிய பெண்.
வெட்டுக்கத்தியை எந்தக் கையில் பிடிப்பாள் என்று
எனக்குத் தெரியும்.
மண்டோர்மேல் அவளுக்கு என்ன கோபம் என்று
தெரியவில்லை.
அல்லது கோபமே இல்லையா,
யாரையாவது காப்பாற்றினாளா?

விடிய விடிய வெட்டினேன்.
நாட்காட்டியில் ஒரு கோடு இழுத்து
3200 என்று எழுதினேன்.
நாகூர் கனி கோப்பையை வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.
"கழித்தல் போட்டிருக்கே சார்,
கடையில எடுக்க மாட்டானே."
கோட்டை விட்டுட்டுக் கட்டுங்க என்றேன்.
கட்டினார். விழவில்லை.
அந்த இரண்டு வெள்ளி
இன்னும் என் கணக்கில் நிற்கிறது.

இன்று 0047.
"இவ்வளவு சின்னதா?"

நாற்பத்தேழு சொல்லில் அவள் வாயே திறக்கவில்லை.
குழாயடியில் அரிசி களைகிறாள்.
வேலை போன மண்டோரின் பெண்டாட்டி
கைப்பிள்ளையோடு வந்து எதிரே நிற்கிறாள்.
தண்ணீர் வெள்ளையாகப் போய்க்கொண்டிருக்கிறது.
இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர்.
லாரி வருகிறது, மேசையைப் பிடித்துக்கொள்கிறேன்.