நானூற்றுப் பத்து வாட்

டுலூத் நகரில் மைனஸ் இருபத்தாறு.
மருத்துவமனைக் கூரையடி இயந்திர அறையில்
மேரன் ஹௌக்ஸ்டாட் கையுறையைப் பல்லால் கழற்றி
விசிறியின் பெயர்த்தகட்டைப் படிக்கிறாள்.

விதி கஞ்சத்தனம் பண்ணவில்லை:
நுண்வடிகட்டிக்கு இத்தனை வாட்,
வெப்பம் மீட்கும் சுருளுக்கு இத்தனை,
தனிமை அறையில் ஒருவர் விட்ட மூச்சை
இன்னொருவர் இழுக்காமல்
வானத்துக்குத் தள்ளிவிடக் கொஞ்சம் கூடுதல்.
வளைவுகளுக்கு மட்டும் சலுகை கிடையாது.

கூட்டினாள். நானூற்றுப் பத்து அதிகம்.
ரொட்டி வாட்டும் பெட்டிக்குக்கூடப் போதாது.
மறுபடி கூட்டினாள்.
நானூற்றுப் பத்தேதான்.

"வடிகட்டியில் ஒரு படி இறக்கிவிடு"
என்றார் தொலைபேசியில் ஒப்பந்ததாரர் ரஸ்.
"யார் பார்க்கப் போகிறார்கள்?"

நாலாம் மாடி. தனிமை அறைக் கதவின் அடி இடுக்கில்
மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்தாள்.
உள்பக்கமாய்ச் சாய்ந்து நின்றது.
"பல்பு மாற்றவா வந்தாய்?"
உள்ளிருந்து ஒரு குரல், பிறகு நெடிய இருமல்.
"இல்லை. காற்று பார்க்க."
"அது இருக்கிறதா?"
"இருக்கிறது."

ஏணி போட்டுக் கூரைப் பலகையைத் தூக்கினாள்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டிருந்தது தகரக் குழாய்.
நாலு வளைவு,
எப்போதோ பிடுங்கிப் போட்ட ஒரு தபால் குழலுக்கு
இன்னமும் வழிவிட்டுக்கொண்டு.

வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால்
நேராக ஒரு கோடு.

நாலரைக்கே இருட்டிவிட்டது.
படிவத்தில் மிச்சம் முப்பது வாட்.
ரஸ்ஸுக்கு எழுதினாள்:
தகடு வெட்டுகிறவரை அனுப்பு.
வடிகட்டியைத் தொடாதே.