எழுநூற்று முப்பது

பீன்யா இரண்டாம் கட்டம். ஷட்டருக்குப் பின்னால்
பிளாஸ்டிக் குமிழி கூரைவரை ஊதி ஏறி
மடிந்து, சுருளாய் இறங்குகிறது.
நாளைய பால் அதற்குள்தான் அடைபடப்போகிறது.

புகார்: யஷ்வந்த்பூர் டெப்போவில்
முப்பத்தெட்டுப் பாக்கெட் கிரேட்டிலேயே வெடித்ததாம்.
கிழிந்ததில் ஒன்றைக் கழுவி அனுப்பியிருக்கிறார்கள்.
சரியாகக் கழுவவில்லை. புளித்த வாடை.
ஒட்டு விடவில்லை, நடுவயிற்றில் கிழிசல்.

தபால்தலை அளவு கத்தரித்துச் சட்டத்தில் மாட்டுகிறேன்.
கண்ணுக்குப் படாத ஒளி
முப்பத்திரண்டு தடவை ஊடுருவி வருகிறது.
அதுவரை மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
விட்டால் இரண்டாயிரத்து முந்நூற்றைம்பதில்
நானும் ஒரு மேடாகத் தெரிவேன்.
ஒருமுறை தெரிந்தேன். ‘இது என்ன அசுத்தம்?’ என்று
வட்டம் போட்டு அனுப்பினார் மகாபலேஷ்வர் சார்.

எழுநூற்று இருபதில் ஒரு சிகரம்.
குழம்பிக் கிடக்கும் சங்கிலிகளுக்கு அது ஒன்று போதும்.
வரிசையில் அடங்கியவை மட்டும்
பக்கத்திலிருப்பது அசைவதை உணர்ந்து
பிளவுபடுகின்றன:
எழுநூற்று முப்பதில் இன்னொன்று.

இன்று அது மூத்ததின் தோளைத் தொடுகிறது.
படிகம் ஐம்பத்தொரு சதவீதம். இருக்க வேண்டியது நாற்பத்திரண்டு.
வேறு துண்டு வெட்டினேன். ஐம்பது.
ஒழுங்கு மிஞ்சினால் உடையும் என்பது
இங்கே தத்துவம் இல்லை, வாடிக்கையாளர் புகார்.

புதன் இரவு ஷிப்ட் ஏட்டைப் புரட்டினேன்.
ருத்ரேஷின் கன்னடம், எழுத்துக் கூட்டிப் படித்தேன்:
‘டேங்கர் 4417 பரலில்லா.’
வரவில்லை. கூலிங் டவரில் அடிமண்டி.
குமிழிமேல் அடித்த காற்று குளிரவில்லை.
மெதுவாய் ஆறியதில் சங்கிலிகளுக்கு
அடுக்கிக்கொள்ள நேரம் கிடைத்துவிட்டது.

மழைக்காலத்தில் இரண்டு நாளைக்கொருமுறை
நான் அடுப்பில் வறுத்தெடுக்கும் சிலிக்கா மணிகள்
கருவிக்குள் ஒரு மாதமாய் நீலம் மாறவில்லை.
அதையாவது கவனித்திருக்கலாம்.

படிவத்தில் ‘காரணம்’ அரை அங்குலம்.
‘குளிர்விப்புக் குறைவு’ என்று எழுதினேன்.
அவ்வளவுதான் கொள்ளும்.

எட்டு மணிக்கு எங்கள் தெருமுனையில் டேங்கர்.
முன்னால் ஒரு குடம் நகர
அத்தனை குடமும் நகர்ந்தது.
‘புதன் ராத்திரி மாதிரி பாதியில நிறுத்தாம
ஊத்தப்பா’ என்றாள் மூன்றாம் மாடி ஃபிலோமினா.
பின்பக்கம் நம்பர் பார்த்தேன்.
4417.

புதன் ராத்திரி
நான் தலைக்குக் குளித்தேன்.