பாளம் 417

ஆகஸ்ட். விடிகாலை நாலு மணி.
பல்காஷ் ஏரிக்குத் தெற்கே, ஆளில்லாப் புல்வெளியில்
போட்டு ஒரு வருடமான நெடுஞ்சாலை.
ரவ்ஷான் குப்புறப் படுத்து
பாளத்தின் மூலைக்கடியில் தகட்டளவியை நுழைக்கிறாள்.
போகிறது.
நகக்கனம் இருட்டு இருக்கிறது அங்கே,
மண்ணைத் தொடாத கான்கிரீட்.

மேல்தோல் குளிர்ந்து சுருங்கிவிட்டது.
அடிவயிறு நேற்றைய வெயிலை
இன்னும் விட்டபாடில்லை.
இரண்டுக்கும் நடுவில் முப்பது சென்டிமீட்டர்
என்ன செய்யும்?
துணியில் காயும் அப்பளம்போல
நாலு மூலையும் தூக்கிக்கொண்டது.

கோர்காஸிலிருந்து வரும் லாரி ஏறுகிறது.
டொக்.
காலிப் பானையைச் சுண்டிய சத்தம்.
தாங்க ஆளில்லாத மூலையில்
நாற்பது டன் வெங்காயம்.

மதியம் இதே பாளம் எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும்.
மேல் விரியும், நடு எழும்பத் துடிக்கும்.
அதன் எடையே அதை அமுக்கும்,
பக்கத்துப் பாளத்தில் செருகிய கம்பி பிடித்திழுக்கும்.
தகை என்றால் தடு.
தகைவு என்று பெயர் வைத்தவர்
ஒரு நாளாவது
சாலையில் படுத்திருக்க வேண்டும்.

418 இரவில் வார்த்தது. பெரிதாகத் தொல்லையில்லை.
417 போன ஜூலையில், பிற்பகல் இரண்டு பத்துக்கு.
பம்ப் பழுதாகி நாலு கலவை வண்டிகள் வரிசையில் நிற்க
யெர்கனாத் கேட்டான்:
"கொட்டவா, பாலைவனத்துக்குத் தானம் பண்ணவா?"
தலை சுடச்சுட இறுகியது.
அந்தச் சூடுதான் அதற்குச் சமதளம்.
அதே வெயில் அதே அளவில் வந்தால்
சாதுவாகப் படுத்திருக்கும்;
மற்ற நேரமெல்லாம் கோணல்.

கொட்டு என்று கையெழுத்துப் போட்டது
ரவ்ஷான்.

டார்ச்சைச் சாய்த்துப் பிடிக்கிறாள்.
மூலையைச் சுற்றி மயிரிழை விரிசல்,
கடித்த ரொட்டியின் வளைவில்.
படிவத்தில் 'காரணம்' என்றொரு கட்டம்:
அதிக பாரம், மண் இறக்கம், மற்றவை.
மற்றவையில் '14:10' என்று எழுதினாள்.
அடித்தாள்.
மறுபடி எழுதினாள்.

பிறகு ஃபிளாஸ்கில் தேநீர், 419, 420,
ஒட்டகங்கள் சாலையைக் கடக்கும்வரை காத்திருப்பு.
தகட்டளவியை 417இலேயே விட்டது
பதினொரு மணிக்குத்தான் நினைவு வந்தது.
இழுத்தாள். வரவில்லை.
வெயில் ஏற ஏற மூலை இறங்கி
எஃகைக் கடித்துக்கொண்டிருந்தது.

இருட்டும்வரை விடாது.
வண்டி நிழலில் போய் உட்கார்ந்தாள்,
பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு.