முப்பத்து நான்காம் கம்பம்

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை
எட்டுக் கம்பங்களும் என் பொறுப்பு.
பையில் திருப்புளி, ஈரப் பஞ்சு, கிளை வெட்டும் கத்தரி,
உதிரியாய் நான்கு அம்புக்குறிகள்.
சம்பளம் கிடையாது.
ஆண்டுக்கொருமுறை நகராட்சி மண்டபத்தில்
காபியும், பால்திரட்டு வைத்துச் சுட்ட பணியாரமும்.
போன வருடம் பணியாரம் தீர்ந்துபோயிற்று.

எங்கள் பக்கம் மேட்டுக்கெல்லாம் மலை என்று பெயர்.
நூறு மீட்டர் எழும்பினால் போதும்,
பெர்க் என்று கூப்பிட்டுவிடுவோம்;
அதுவும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்க்கும்.
மூச்சு வாங்குமுன் உச்சி வந்துவிடும்.
உச்சியில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்தால்
ஏழு தேவாலயக் கோபுரங்கள்.
எட்டு என்று சாதிப்பாள் தங்கை லுட்வினா.
எட்டாவது தண்ணீர்த் தொட்டி.

முப்பத்தொன்றில் ஆளுயரச் சிற்றாலயம்,
கம்பிவலைக்குப் பின்னால் மாதா.
யாரோ தவறவிட்ட மூக்குக்கண்ணாடியை
யாரோ எடுத்து அவள் காலடியில் வைத்திருக்கிறார்கள்.
இரண்டு வருடமாய் அங்கேதான் இருக்கிறது.
முப்பத்திரண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
அதற்கப்பால் பாதை பள்ளத்தில் இறங்கும்;
எத்தனையோ வண்டிச் சக்கரங்கள் அரைத்து அரைத்து
தாழ்த்திய மண்.
மரங்களின் வேர்கள் நம் தலைக்கு நேரே தொங்கும்.
மழை பெய்தால் அது பாதையா ஓடையா என்று
தண்ணீர்தான் முடிவு செய்யும்.
வெளியே வந்தால் வில்லோக்கள்:
பிப்ரவரியில் மொட்டையடித்துக்கொண்டு
நேர்த்திக்கடன் முடித்தவர்கள் போல
வாய்க்கால் ஓரம் வரிசையாய் நிற்கும்.

முப்பத்து நான்கில்தான் தகராறு.
இடப்பக்கம், சர்க்கரை பீட் வயலைச் சுற்றிப்
போகச் சொல்லவேண்டிய அம்பு
வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது,
ஓடீல் வெர்க்ராய்ஸின் பண்ணை முற்றத்துக்குள்.
காற்று என்று நினைத்தேன்.
காற்றுக்குத் திருப்புளி ஏது?
அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்ததும்.

அவர் மனைவி சுல்மா போய் இரண்டு குளிர்காலம்.
சமையலறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது.
போகிற வருகிறவர்களின் தொப்பிகளையாவது
பார்க்கலாமே என்று திருப்பியிருப்பார், பாவம்,
என்று நானே ஒரு தனிமையைத் தைத்து
அவருக்கு மாட்டிவிட்டேன்.
அம்பை நேராக்கும்போது கண்கூடக் கலங்கிற்று.
பனி என்றும் சொல்லலாம்.

நான்காம் முறை உள்ளேயே போனேன்.
ரப்பர் பூட்சில் நின்று தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.
"நீங்களா திருப்பினது?"
"நான்தான்."
"ஏன்?"
குழாயை நிறுத்தாமல் தாடையால் காட்டினார்:
சுவரோரம் பச்சைப் பெயின்ட் அடித்த அலமாரி,
உள்ளே முட்டைகள், காசு போட ஒரு ஜாம் டப்பா.
"பீட் வயல் வழியே போனால்
இதை யார் வாங்குவது?"

என் இரக்கம்
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முற்றத்தின் நடுவே நின்றது.

"விதி என்று ஒன்று இருக்கிறது" என்றேன்.
"சேறு என்று ஒன்றும் இருக்கிறது" என்றார்.
அதுவும் உண்மைதான். நவம்பரில் அந்த வயலோரம்
கென்ட் நகரத்து ஆசிரியை ஒருத்தியின்
இடது ஷூவைத் தோண்டி எடுத்திருக்கிறேன்.
நகராட்சிக்கு எழுதினேன். பதில் வந்தது:
அடுத்த வரைபடம் அச்சாகும்போது பரிசீலிக்கப்படும்.
இப்போதுள்ளதே இன்னும் நாலாயிரம் பிரதி மிச்சம்.

ஆகவே,
சனிக்கிழமை நான் இடப்பக்கம் திருப்புகிறேன்.
ஞாயிறு காலை பூசைக்கு முன்
அவர் வலப்பக்கம் திருப்புகிறார்.
இதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
திருகாணியின் தலை தேய்ந்து வழுக்கத் தொடங்கியபோது
புதிதொன்று யாரோ மாட்டியிருந்தார்கள்,
என்னுடையதைவிட நல்ல ரகம்.
என் பையில் இப்போது
காலி முட்டை அட்டை ஒன்றும் சேர்ந்திருக்கிறது.

போன வாரம் கம்பத்தடியில் ஓர் இளம் ஜோடி.
வரைபடத்தை விரித்துப் பிடித்தபடி
அம்பையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.
தாள் இடம் என்றது, அம்பு வலம் என்றது.
"எதை நம்புவது?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"இன்றைக்கு என்ன கிழமை?"
என்று கேட்டேன்.