செவ்வாய்க்கிழமை வேலை

எந்த எழுத்து வகுப்பு என்பதை
நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது கல்லூரிப் படிவம்.
பரீட்சை இல்லை. பன்னிரண்டு கேள்வி,
ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம்.
வெற்றுத் தாளைக் கண்டால் உங்களுக்கு
'பயமே இல்லை'யில் தொடங்கி
'மிகவும் பயம்' வரை.

பரீட்சை என்றால் நல்லது.
தோற்றால் அவர்கள் தோற்கடித்தார்கள் என்றிருக்கலாம்.
நாற்பத்து மூன்று வயதில்
என் பயத்தை நானே நிறுத்துச் சொல்லென்றால்
எந்தத் தராசு, எந்தப் படிக்கல்?

வூப்பர்டாலில் தண்டவாளம் மேலே, ரயில் கீழே.
ஆற்றுக்கு மேல் தொங்கிக்கொண்டே வந்தேன்
மடியில் இந்தத் தாளோடு.

இந்த மொழியில் கரண்டி ஆண்,
முள்கரண்டி பெண், கத்தி அஃறிணை.
சரி, சாப்பாட்டு மேசையோடு போகட்டும்.
சிறுமியும் அஃறிணையாம்.
அந்த இடம் வந்தால் இன்னமும்
என் பேனா ஒரு கணம் நின்றுதான் போகிறது.
இலக்கணத்தில் தயக்கம் உண்டா?
ஐந்தாவது கட்டம்.

அன்றாடம் எழுதுவீர்களா?
இல்லை என்று போட்டுவிட்டுப் பிறகு யோசித்தேன்.
முதியோர் இல்லத்தில் ஒன்பது வருட இரவுப் பணி.
*அதிகாலை மூன்று பத்து. திருமதி ஓல்பெர்ட்ஸ் உறங்கவில்லை.
ஜன்னலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.
இரண்டு மிடறு தண்ணீர். அழவில்லை.*
காலைப் பணிக்கு வந்தவள் அதை வாசித்து
ஜன்னலை மூடாமல் விட்டிருந்தாள்.
அது எழுத்தா?
படிவம் கேட்கவில்லை.

கூட்டிப் பார்த்தால் எனக்கு முதல் வகுப்பு,
வாக்கியத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு.
செவ்வாய் மாலை.
செவ்வாய் எனக்கு வேலை.
இரண்டாவது வியாழன்:
பத்தி, வாதம், மேற்கோள்.

அலுவலகத்தில் திருமதி ஹென்கெல்ஸ்
என் கூட்டுத்தொகையைப் பார்த்தாள்,
நான் எழுதிய வகுப்பைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்.
"துணிவான முடிவு."
"பணிப்பட்டியல்," என்றேன்.
சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள்.
பதினான்காம் தேதிவரை மாற்றலாமாம்.

பதின்மூன்றாம் தேதி அந்தத் தெருவரை போனேன்.
ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இன்று பதினாறு. வியாழன்.
முதல் பயிற்சி: தெரிந்த ஓர் அறையை எழுதுக.
பக்கத்தில் இருபது வயதுப் பையன்
ஏற்கெனவே ஒரு பக்கம் தாண்டிவிட்டான்.

அறை எண் இருபத்தொன்று.
ஜன்னல் திறந்திருக்கிறது.

அறையும் ஜன்னலும், நல்லவேளை,
இங்கேயும் அஃறிணை.